சூசை சாரின் கேரவனும் கேஸ் கீசரும்

சென்ற மாதம் ஒரு காலை, மரக்காணம் உப்பளத்தை ஒட்டி நிறுத்தியிருந்த கேரவன் ஒன்றைப் பார்க்கச் சொல்லி, நான் முன்பு வேலை பார்த்த கேரவன் யார்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவனை எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்று எரிச்சலோடுதான் போனேன். வண்டியில் தங்கியிருந்த குடும்பத்துக்குக் குளித்தால் தலை வலிக்கிறதாம். குளியலறைக்கு வெளியே சுவரில் விஷவாயு அலாரம் மாட்டியிருந்தது. பட்டனை அழுத்தினேன். சத்தம் இல்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே பேட்டரி இல்லை.

டிரைவரைக் கேட்டேன்.

"அது சும்மா சும்மா கத்திக்கிட்டே இருந்துச்சி பாய். அதான் கழட்டி டிவி ரிமோட்டுக்குப் போட்டுட்டேன்" என்றான்.

அவனை நான் திட்டியதை அச்சில் போட முடியாது. பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யார்டு மேனேஜருக்கும் விஷயம் போனது. நல்ல மனுஷன், கோபப்படவில்லை. "திட்டினதையே கொஞ்சம் நல்ல தமிழ்ல எழுதிக் குடுங்க பாய், புதுசா வர்ற எல்லாருக்கும் படிக்கக் குடுக்கறேன்" என்றார். அதனால்தான் எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. பேசுகிறபடியே எழுதுகிறேன்.

நான் கோட்டக்குப்பத்துக்காரன். பேர் காதர். எங்கள் தெருவில் பாதி ஆம்பளைகள் எங்கே போனார்களோ அங்கேதான் நானும் போனேன். அரபு நாட்டில் குளிர் காலம் வந்தால் பணக்காரர்கள் குடும்பத்தோடு பாலைவனத்துக்குப் போய்க் கேரவனில் தங்குவார்கள். அந்தக் கேரவன்களுக்குக் கேஸ் அடுப்பும் கீசரும் மாட்டுகிற வேலை. எகிப்துக்காரன் ஒருத்தன் கையால் குழாய் வளைக்கக் கற்றுக்கொண்டேன், பாகிஸ்தான்காரன் ஒருத்தன் வாயால் திட்டு வாங்கக் கற்றுக்கொண்டேன். அவ்வளவுதான் என் படிப்பு. பிறகு உடம்பு முடியாமல் ஊருக்கு வந்தேன். அப்போதுதான் பொம்மையார்பாளையம் பக்கம் கேரவன் வாடகைக்கு விடும் யார்டு ஒன்று புதிதாகத் திறந்திருந்தது. சினிமாக்காரர்கள், கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுக்கிற ஜோடிகள், கழுவெளி ஏரியில் பறவை பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் வாடகைக்கு எடுப்பார்கள். வேலை கிடைத்தது. அங்கே சூப்பர்வைசர் சூசைநாதன். நாங்கள் சூசை சார் என்போம்.

சூசை சாரைப் பற்றிச் சொல்லாமல் கீசரைப் பற்றிச் சொல்ல முடியாது.

ஒல்லியான ஆள். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருப்பார். தோளில் எப்போதும் துவைத்த வெள்ளைத் துண்டு ஒன்று மடித்துக் கிடக்கும், அது அவருக்கு இல்லை. நாம் ஒரு வண்டியில் கீசரை மாட்டி முடித்ததும் வந்து மண்டி போடுவார். ஒரு கிண்ணத்தில் சோப்பு நுரை, பழைய ஷேவிங் பிரஷ். ரெகுலேட்டர், ரப்பர் டியூப், இணைப்பு ஒவ்வொன்றிலும் நுரையைத் தடவிவிட்டு அசையாமல் பார்ப்பார். நுரை ஒரு இடத்தில் முட்டை விட்டால் கேஸ் கசிகிறது என்று அர்த்தம். ஒன்றும் பேச மாட்டார். ஸ்பேனரை நம் காலடியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். எல்லாம் சரியாக இருந்தாலும் பேச மாட்டார். தோளில் இருந்து துண்டை எடுத்து நீட்டுவார்.

துண்டை நீட்டினால், போய்க் குளி என்று அர்த்தம்.

மாட்டினவன்தான் முதல் குளியல் குளிக்க வேண்டும். அதுதான் அவர் சட்டம். தாழ்ப்பாள் போடக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு வெந்நீரைத் திறந்துவிட வேண்டும். அவர் வெளியே பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்பார். கேள்வி எல்லாம் கிறுக்குத்தனமாக இருக்கும். நேத்து என்னா கொழம்பு. உன் மச்சான் பேர் என்னா. கிளியனூர்ல பஸ் எந்தப் பக்கம் திரும்பும். உள்ளே இருந்து பட்டென்று பதில் வர வேண்டும். பதில் இழுத்தால் கதவைத் திறந்துவிடுவார், நாம் எந்தக் கோலத்தில் இருந்தாலும் சரி. முதல் தடவை எனக்கு மானம் போனது. "ஏம்பா, ஒன்னப் பாக்கவா நான் கதவத் தொறக்கறேன்? ஒன் மூஞ்சிய நீ பாத்திருக்கறயா?" என்றார். அதற்குப் பிறகு சட்டென்று பதில் சொல்லப் பழகிவிட்டேன்.

ஏன் இப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சிலிண்டர் கேஸ் கசிந்தால் நாறும். நாற வேண்டும் என்றே அதில் வாசனை கலந்திருக்கிறார்கள். அது காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். அதனால்தான் கேரவனில் சிலிண்டரை வெளிப்பக்கப் பெட்டியில் நிமிர்த்தி வைத்து, பெட்டியின் அடியில் ஓட்டை விடுகிறோம். அந்த ஓட்டையைச் சாக்கு வைத்து அடைக்கிற முட்டாள்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கேஸ் சரியாக எரியாமல் போனால் வருகிற விஷவாயு வேறு. அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது, இருமல் வராது. எரியக் காற்று போதவில்லை என்றாலும் வரும், புகைக்குழாய் அடைத்தாலும் வரும். மூக்கு அதைக் கண்டுபிடிக்காது. மனுஷன் பதில் சொல்லுகிற வேகத்தில்தான் அதைப் பிடிக்க முடியும் என்று சூசை சார் கண்டுபிடித்திருந்தார். அப்போது எங்களிடம் அலாரம் கிடையாது. அவர்தான் அலாரம்.

எங்கள் கடற்கரையில் இன்னொரு தொல்லை உண்டு. உப்பு. பாத்திகளை ஒட்டி வண்டியை நிறுத்தினால் காற்றில் வருகிற உப்பு புகைக்குழாய் வாயில் படியும், பர்னர் துளைகளைத் தின்னும். நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாகும். மஞ்சள் தீ பார்க்க அழகாக இருக்கும், குத்துவிளக்கு மாதிரி. அழகைப் பார்த்து நிற்காதே, அணை. போர்வெல் தண்ணீரும் உப்புதான், கீசருக்குள் இருக்கிற செப்புக் குழாயில் சுண்ணாம்பு கட்டிவிடும், கேஸ் எரிந்துகொண்டே இருக்கும், தண்ணீர் சுடாது. எலுமிச்சை உப்பு கரைத்து விட்டு அலசு. இன்னொன்று. கொதிக்கக் கொதிக்க வைத்துவிட்டு அதில் பச்சைத்தண்ணீர் கலக்கிறவன் கேஸைக் கொளுத்துகிறான். குளிக்கிற சூடு எதுவோ அதற்கு மட்டும் திருகி வை. குழாயில் முதலில் வருகிற குளிர்ந்த தண்ணீரை வாளியில் பிடித்து வேறு வேலைக்கு வை. சோப்பு போடும்போது நிறுத்து. வண்டி ஓடும்போது சிலிண்டரை மூடு. மார்கழியில் வாடைக்காற்று அடிக்கிற பக்கம் புகைக்குழாய் இருக்கும்படி வண்டியை நிறுத்தாதே, காற்று புகையை உள்ளேயே தள்ளும். இதெல்லாம் கஷ்டமான வேலை இல்லை. செய்யாதவன் சோம்பேறி.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

சூசை சாரின் மனைவி பிலோமினா அக்கா இறந்த பிறகு அவர் வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டார். மகளை வில்லியனூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. மரக்காணத்தில் உப்பளத்து ஓரம் யார்டுக்கு ஒரு நிறுத்துமிடம் இருந்தது. அங்கே நின்ற ஒரு பழைய கேரவனைத் தனக்கு எடுத்துக்கொண்டு அதிலேயே தங்கினார். முதலாளியும் சரி என்றுவிட்டார். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. விடிகாலையில் அந்த இடத்தைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் படும். பாத்தியில் தண்ணீர் கட்டியிருக்கும்போது வானம் கீழே கிடக்கும். வரப்பில் நடக்கிற ஆளுக்கு அடியில் ஒரு ஆள் தலைகீழாக நடப்பார். உப்புக் குவியல் எல்லாம் தூங்குகிற மாடு மாதிரி வெள்ளையாகப் படுத்திருக்கும். எங்கே தரை முடிகிறது எங்கே கடல் தொடங்குகிறது என்று தெரியாது. துக்கம் உள்ளவன் அங்கே இருக்கலாம். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

தை பிறந்த சமயம் அவரிடம் சில மாற்றங்களைப் பார்த்தேன். நெற்றியில் எப்போதும் தைலம். முகம் சிவந்து இருக்கும். ஆட்கள் பேரை மாற்றிக் கூப்பிட்டார். ஒருநாள் நுரை தடவிக்கொண்டே இருந்தார், அதே இணைப்பில், திரும்பத் திரும்ப. நான் தோளைத் தொட்டதும் விழித்துக்கொண்டவர் மாதிரி பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

அவர் கேரவனைச் சர்வீஸ் பண்ணட்டுமா என்று கேட்டேன்.

"என் வண்டிய நான் பாத்துக்கறேன். நீ ஒன் வேலயப் பாரு" என்றார்.

அந்த வண்டியைச் சுற்றி வந்தேன். வெள்ளைச் சுவரில் புகைக்குழாய்க்கு மேலே கரி நாக்கு மாதிரி ஏறியிருந்தது. அடுத்தவன் வண்டியில் இதைப் பார்த்தால் ஸ்பேனரைக் காலடியில் வைக்கிற ஆள், தன் வண்டியில் தினமும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போனதும் யார்டில் இருந்த மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் போனேன்.

குளியலறையில் தரையை ஒட்டி ஓட்டை ஓட்டையாக ஒரு ஜாலி இருக்கும், காற்று வருவதற்கு. அதில் ஒரு பழைய நூல் புடவையைச் சுருட்டி அடைத்திருந்தது. ஊதா நிறம், வெளுத்துப் போனது. யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. கண்ணாடிக்குக் கீழே சோப்பு, சீப்பு. கீசரைத் திறந்து பார்த்தேன். பர்னரில் பாதித் துளை அடைத்திருந்தது.

அப்போதே புடவையைப் பிடுங்கியிருக்க வேண்டும். தீ எப்படி எரிகிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் பிடுங்கலாம் என்று நினைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீரைத் திறந்தேன். பட்டென்று பற்றியது. மஞ்சள். ஒரு நிமிடம்தான், போய்விடலாம் என்று நினைத்தேன். இதைப் படிக்கிறவர்கள் இந்த இடத்தை நன்றாகப் படியுங்கள். போய்விடலாம் என்கிற அந்த நினைப்பைத்தான் அது முதலில் எடுத்துக்கொண்டு போகும். மூச்சை அப்புறம்தான் தொடும்.

கஷ்டமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். சுகமாக இருந்தது. பர்னர் சத்தம் தூரத்துக் கடல் மாதிரி ஆயிற்று. ஆவி வெளுத்துக்கொண்டே வந்தது, சுவர் இருந்த இடத்தில் பாத்தி வந்தது, பாத்தி தாண்டிப் பாத்தி, எல்லாவற்றிலும் வானம். நான் நின்றுகொண்டிருந்தேனா உட்கார்ந்தேனா தெரியாது. கால் வெதுவெதுப்பான மணலில் இருந்தது, பாலைவனத்து மணல். அங்கே குளிரில் கூடாரத்துக்கு வெளியே நின்ற இரவுகளில் ஊர் ஞாபகம் வருமே, அந்த ஏக்கம் தலைகீழாகி, எல்லா இடத்துக்கும் வந்து சேர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு அவசரமும் இல்லை. செய்ய வேண்டியது எதுவும் பாக்கி இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததே இல்லை என்பது உண்மை.

பழக்கத்தில் நான் தாழ்ப்பாள் போடவில்லை. அது ஒன்றுதான் நான் அன்றைக்குச் சரியாகச் செய்தது.

அடுத்து எனக்குத் தெரிந்தது வரப்பு. முதுகில் உப்பு குத்துகிறது. கன்னத்தில் அறை மேல் அறை. சூசை சார் கோயில் சட்டையோடு என் மேல் குனிந்திருந்தார். நேத்து என்ன தின்னே, சொல்லு, நேத்து என்ன தின்னே என்று கத்திக்கொண்டிருந்தார். எனக்கு வாய் வரவில்லை. அவர் அழுதுகொண்டே அறைந்தார். கடைசியில் மீன் என்று சொன்னேனாம். மீன் இல்லை, நேற்று கறி. ஆனாலும் பதில் வந்ததே என்று விட்டார்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். அந்தக் குளியலறையில் வேறு யார் குளிக்கிறார்கள் என்று டாக்டர் கேட்டார். நான் கையை மட்டும் தூக்கி சூசை சாரைக் காட்டினேன். அவரையும் பிடித்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்து மாஸ்க் மாட்டிவிட்டார்கள். சூப்பர்வைசரும் நானும் இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு முகத்தில் மாஸ்க்கோடு கிடந்தோம். ஜன்னலில் வெயில் இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து அவர் மாஸ்க்கைத் தூக்கிவிட்டுப் பேசினார். மார்கழியில் கால் குளிருகிறது என்றுதான் ஜாலியில் புடவையை அடைத்தாராம். வேறு நினைப்பு இல்லையாம். அன்றைக்குக் குளிக்கும்போது பிலோமினா அக்கா வந்தார்களாம்.

"பேச மாட்டா. அந்தாண்ட திரும்பி நின்னுக்கிட்டுத் துணி மடிச்சிக்கிட்டு இருப்பா. எப்பவும் அவ அப்படித்தான், கோவம்னா துணி மடிப்பா."

"அது கேஸ் சார்" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? ஒனக்குச் சொல்லிக் குடுத்தவனே நான்தான். மறுநாளே தெரிஞ்சிடிச்சி."

"அப்பறம் ஏன் சார்?"

நர்ஸ் வந்து மாஸ்க்கைத் தொடக் கூடாது என்று திட்டினார். நர்ஸ் போகட்டும் என்று சூசை சார் காத்திருந்தார்.

"ஒரு தடவ திரும்பிப் பாத்தாப் போதும் பாய். அதுக்குத்தான் தெனமும் கொஞ்ச நேரம் சேத்து இருக்கறேன். இன்னும் கொஞ்சம் இருந்தாத் திரும்புவா. தோளு அசயிது, நான் பாக்கறேன்."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது.

"அவங்க திரும்பிப் பாத்தாங்கன்னா நீங்க செத்துட்டீங்கன்னு அர்த்தம் சார்" என்றேன்.

அவர் மாஸ்க்கை இறக்கிக்கொண்டார்.

மறுநாள் விட்டுவிட்டார்கள். நான் வீட்டுக்குப் போகாமல், யார்டிலிருந்து டூல்ஸ் பெட்டியையும் ஒரு புது கீசரையும் எடுத்துக்கொண்டு மரக்காணம் போனேன். எனக்கு முன்னாலேயே அவர் அங்கே இருந்தார், கேரவன் படியில் உட்கார்ந்திருந்தார். நான் கழற்ற வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். நான் உன் சூப்பர்வைசர், என் உத்தரவு இல்லாமல் இந்த வண்டியில் கை வைக்கக் கூடாது என்றார். வேலையை விட்டுத் தூக்குங்கள், தூக்கின பிறகும் கழற்றுவேன் என்றேன். மகளிடம் சொல்வேன் என்றேன், முதலாளியிடம் சொல்வேன் என்றேன், பங்குச் சாமியாரிடம் சொல்வேன் என்றேன். மரியாதை இல்லாமல்தான் பேசினேன். அவர் எதற்கும் அசையவில்லை. கடைசியில் குரல் இறங்கிப்போய்ச் சொன்னார்.

"இன்னிக்கு ஒரு தடவ மட்டும். நீ வெளிய ஒக்காந்து கேள்வி கேளு. நான் பதில் சொல்லிக்கிட்டே இருக்கறேன். கதவத் தொறந்தே வெச்சிக்கோ. ஒரே ஒரு தடவ, காதரு."

அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பாத்தியில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் முழுக்க வெள்ளியாகி, பார்க்க முடியாமல் கண் கூசியது. அந்த வெளிச்சத்தில் நிற்கும்போது அவர் கேட்பது பெரிய விஷயமாகவே தோன்றவில்லை. கதவு திறந்திருக்கிறது, நான் இருக்கிறேன், என்ன ஆகிவிடும்? அப்படி ஒரு மயக்கம் கேஸ் இல்லாமலேயே வந்தது.

"முடியாது" என்றேன்.

அவரைத் தாண்டி உள்ளே போனேன். சிலிண்டரை மூடி, டியூபைக் கழற்றி, கீசரை ஆணியோடு சுவரிலிருந்து பெயர்த்தேன். புடவையை ஜாலியிலிருந்து எடுத்து உதறி, மடிக்கத் தெரியாமல் மடித்து அவர் மடியில் வைத்தேன். புது கீசரைக் கேரவனுக்கு வெளியே, பின்சுவரில் காற்றுப் படாத பக்கம், தகரப் பெட்டி அடித்து மாட்டினேன். வெந்நீர்க் குழாய் மட்டும்தான் உள்ளே போகும், தீ உள்ளே போகாது. வேலை முடிய மதியம் ஆகிவிட்டது. அவர் வந்து மண்டி போடவில்லை, நுரை தடவவில்லை. நானே தடவினேன். நானே குளித்தேன்.

யார்டில் எல்லா வண்டிக்கும் கீசர் வெளியே போனது அதற்குப் பிறகுதான். அலாரமும் அதற்குப் பிறகுதான் வந்தது. மேனேஜர், முதலாளி யாரும் சும்மா வாங்கிப் போடவில்லை. சூசை சார் முதலாளி வீட்டு வாசலில் போய் நின்று, வாங்கித் தந்தால்தான் போவேன் என்று வாங்கினார். ஒவ்வொரு வண்டியிலும் அவர் கையால்தான் மாட்டினார். பழையபடி நுரை தடவினார், பேர் மாற்றாமல் கூப்பிட்டார். வேலை சம்பந்தமாக மட்டும் என்னிடம் பேசினார். அந்தப் பேட்டரியைத்தான் நீ பிடுங்கி ரிமோட்டுக்குப் போட்டாய் டிரைவர் தம்பி. அலாரம் கத்தினால் கழற்ற வேண்டியது பேட்டரியை இல்லை. தீயை அணைத்துவிட்டு, ஆட்களை வெளியே இழுத்துப் போடு. எதற்குக் கத்தியது என்று அப்புறம் பார். உன் வண்டியில், வெளியே இருந்த கீசரின் புகையைக் காற்று ஜன்னல் வழியாக உள்ளே தள்ளியதால்தான் கத்தியது.

இதை எழுத உட்காருவதற்கு முன்னால் அவரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அவர் கதை. வில்லியனூரில் மகள் வீட்டில் இருக்கிறார். பஸ் ஏறிப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தார். வா பாய் என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. விஷயத்தைச் சொன்னேன். மேனேஜர் கேட்டதையும், டிரைவர் பேட்டரியைப் பிடுங்கியதையும். பேட்டரி என்றதும் முகம் மாறியது, பழைய முகம்.

"எழுது. என் பேரயும் போட்டு எழுது. ஆனா நான் ஒன்ன மன்னிச்சிட்டேன்னு மட்டும் எழுதாத" என்றார்.

எழுதவில்லை. அப்போதுதான் குளித்திருக்கிறார், நரைத்த முடியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சட்டைக் காலர் நனைந்திருந்தது. மகள் உள்ளேயிருந்து துவட்டச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். அவர் உடனே பதில் சொன்னார்.